பத்து வயலினுக்கு நடுவே ஒரு யாழ்

யாழ் வாசிப்பது என்பது, பத்துப் பேர் சத்தமாகப் பேசுகிற பஸ்ஸில் கண்டக்டரிடம் மெதுவாக டிக்கெட் கேட்கிற தொழில். கேட்டோம் என்று நாம்தான் சொல்லிக்கொள்ள வேண்டும், அவர் காதில் விழுந்திருக்காது. கல்யாண மண்டபத்தில் புல்லாங்குழல் ஊதியவர்கள், பந்தி நடக்கிற நேரத்தில் மேடையேறிக் கவிதை படித்தவர்கள், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீணை மீட்டியவர்கள், எல்லோருக்கும் என் வணக்கம். நாமெல்லாம் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். உங்களிடம் அழாமல் நான் வேறு யாரிடம் போய் அழுவது?

சொந்த ஊர் திசையன்விளைப் பக்கம். பிழைப்பு ஓரகடத்தில், ஒரு உதிரிபாகக் கம்பெனியில் க்வாலிட்டி செக்கிங். வாரத்தில் ஆறு நாள் அது. ஞாயிற்றுக்கிழமையும் முகூர்த்த நாளும் யாழ். தமிழிசை வகுப்புக்கு ஆசைக்குப் போனேன், யாழ் என்னைப் பிடித்துக்கொண்டது. சேரப்பணஞ்சேரியில் தனசேகர் மாஸ்டர் என்று ஒருவர் இருக்கிறார். பத்து வயலின், வயலினைவிடக் கொஞ்சம் பெரிதாக இரண்டு வியோலா, தரையில் ஊன்றி வாசிக்கிற ஒரு செல்லோ என்று ஒரு குழு வைத்திருக்கிறார். எல்லோரும் அவருடைய மாணவர்கள், பாதிப் பேர் பள்ளிக்கூடம், பாதிப் பேர் கம்பெனி. எங்கள் ஊர்க் கும்மியும் தெம்மாங்கும் நான் யாழில் எடுக்க வேண்டும், வயலின்கள் சுற்றி நின்று தாங்க வேண்டும், கேட்பவன் அசந்து போகவேண்டும் என்று ஆசை காட்டி அவர்தான் என்னைச் சேர்த்துக்கொண்டார். தாங்குவதாகத்தான் பேச்சு. அவர்கள் தாங்கிய தாங்கில் நான் அடியில் போய்விட்டேன்.

போனால் போகிறது என்று விட்டிருப்பேன். விட முடியாமல் போனதற்குக் காரணம் இசக்கி. இசக்கி என் மனைவி. மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். படப்பையில் மனை வாங்கி வீடு கட்டவேண்டும் என்று போனவள். வீடு கட்டியாயிற்று. பாலும் காய்ச்சியாயிற்று, அது பொங்கியதை அவள் வீடியோவில் பார்த்தாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவ்வளவு பெரிய வீட்டில் நானும் யாழும்தான். ஒப்பந்தம் முடிகிறபோதெல்லாம் இன்னும் இரண்டு வருஷம் நீட்டிக்கட்டுமா என்பாள், நானும் உன் இஷ்டம் என்பேன். அவள் சம்பாதித்துக் கட்டிய வீட்டில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, போதும் வந்துவிடு என்று எந்த வாயால் சொல்வது?

வாயால் சொல்ல முடியாததை யாழில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அவள் ஊரில் ஒரு கும்மி உண்டு. கோயில் கொடைத் திருவிழா முடிந்து விருந்தாளிகள் மூட்டை கட்டும்போது, இன்னும் ஒரு நாள் இருந்துவிட்டுப் போகக் கூடாதா என்று பெண்கள் வட்டமாக நின்று கைகொட்டிப் பாடுவது. அந்த மெட்டை வயலின்களோடு வாசித்து, ஒரே ஒரு தடவை அவள் காதில் விழ வைத்துவிட்டால் போதும், அவளுக்குப் புரிந்துவிடும் என்பது என் கணக்கு. விழ வைப்பதுதான் பெரும்பாடாகப் போயிற்று.

வாசலில் வைத்த யாழ்

குழுவோடு என் முதல் கச்சேரி படப்பையில் ஒரு கல்யாண மண்டபத்தில். யாழைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அடியில் தோல் போர்த்திய ஒரு படகு, அதிலிருந்து மேலே வளைந்து போகிற ஒரு தண்டு, இரண்டுக்கும் நடுவே பதினாலு நரம்பு. பார்க்க அம்சமாக இருக்கும். அதுதான் வினை. சுருதி சேர்த்து மேடையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வந்தால் யாழைக் காணோம். மண்டபம் முழுக்கத் தேடி, கடைசியில் வாசலுக்கு வந்து பார்த்தால், தண்டு தெரியாமல் மல்லிகைச் சரம் சுற்றிக்கொண்டு, பன்னீர்ச் செம்புக்கும் கற்கண்டுத் தட்டுக்கும் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறது. டெகரேஷன்காரர்கள் தங்கள் சாமான் என்று நினைத்துத் தூக்கிப் போயிருக்கிறார்கள். அதற்கு முன்னால் செல்ஃபி எடுக்க வரிசை வேறு.

நான் பூவைப் பிய்க்க ஆரம்பித்ததும் பெண்ணின் அப்பா ஓடி வந்தார். இது வாத்தியம், நான் வாசிக்க வந்தவன் என்று சொன்னேன். அவர் நம்பிக்கையில்லாமல் ஒரு நரம்பைச் சுண்டிப் பார்த்தார். வந்த சத்தம் அவருக்குப் போதவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. என் தோளில் கை போட்டு, துக்க வீட்டில் ஆறுதல் சொல்கிற குரலில் சொன்னார்: "வயலின் பசங்க அத்தினி பேர் கீறாங்களே, அவங்க வாசிச்சிக்குவாங்க. இது பாட்டுக்கு வாசல்ல இருக்கட்டும், லட்சணமா கீது."

எச்.ஆர். பேசிய பேச்சு

வயலின்காரனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. ராகம் மாறினால் விரலை மாற்றிக்கொள்வான். யாழில் ஒரு நரம்புக்கு ஒரு ஸ்வரம்தான், ராகம் மாறினால் நான் ஒவ்வொரு நரம்பாகத் திருகி உட்கார வேண்டும். ஏ.சி. காற்று நேராக அடித்தால் திருகியதும் நிற்காது, மறுபடி முதலிலிருந்து. ஒரு கம்பெனி ஆண்டு விழாவில் இரண்டாம் பாட்டுக்கும் மூன்றாம் பாட்டுக்கும் நடுவே இப்படி மாட்டிக்கொண்டேன். மூன்றாவதுதான் அந்தக் கும்மி. அன்றைக்குத்தான் முதல்முதலாக மேடையில் வாசிக்கப் போகிறோம். கூட்டம் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாதே என்று தொகுப்பாளினி எச்.ஆர். மேனேஜரைப் பேசக் கூப்பிட்டுவிட்டாள்.

வருஷம் முழுக்க யாரும் பேசவிடாமல் வைத்திருந்தார்களோ என்னவோ, மனுஷர் பிடித்துக்கொண்டார். ஹெல்மெட்டில் தொடங்கி, சேஃப்டி ஷூவுக்கு வந்து, கேன்டீனில் சோற்றை வீணாக்குவது வரை போனார். நான் சுருதி சேர்த்து முடித்து, தலையை ஆட்டி, கையை ஆட்டி, செருமிப் பார்த்தேன். ம்ஹூம். அதற்குள் வெளியே ஷிஃப்ட் பஸ் ஹாரன் அடித்தது. அந்தப் பக்கத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், கடவுளே நேரில் வந்து வரம் கொடுத்தாலும் ஷிஃப்ட் பஸ் ஹாரனுக்கு முன்னால் நிற்காது. நாற்காலிகள் காலியாகின. நாங்கள் கும்மியை வாசித்தோம், முன் வரிசையில் மூன்று பேர், அதில் ஒருவர் எச்.ஆர். வாசித்து முடித்ததும் மேடைக்கு வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கண் கலங்கியிருந்தது. "உங்க வாத்தியத்தாலதான் சார் இந்த வருஷம் நான் முழுசா பேசினேன். அடுத்த வருஷமும் அவசியம் நீங்கதான் வரணும்."

மஸ்கட்டுக்குப் போன சத்தம்

ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் போனை எனக்கு முன்னால் ஸ்டாண்டில் சாய்த்து வைத்து இசக்கியைக் கூப்பிட்டுவிடுவேன். இங்கே வரவேற்பு நடக்கிற நேரம் அங்கே அவள் டூட்டிக்குக் கிளம்புகிற நேரம். யூனிஃபார்மை மாட்டிக்கொண்டும், தலையைப் பின்னிக்கொண்டும், பஸ்ஸுக்கு நடந்துகொண்டும் கேட்பாள். ஒரு நாள்கூட வேலை இருக்கிறது என்று வைத்ததில்லை. முடிந்ததும் நான் ஆவலாக, எப்படி இருந்தது என்பேன். வயலின் பிரமாதம் என்பாள். அது சரி, நான்? சாப்பிட்டீர்களா என்பாள். பொய் சொல்லி எனக்கு ஆறுதல் சொல்ல அவளுக்கு மனசு இருக்கும், பழக்கம் இல்லை.

எங்கள் குழுவில் வயலின் வாசிக்கிற ரேவதி, சுங்குவார்சத்திரம் பக்கத்தில் போன் தயாரிக்கிற கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை பார்ப்பவள். அவளிடம் கேட்டேன். போன் தானாகவே எது பேச்சு, எது இரைச்சல் என்று முடிவு செய்யும், மெல்லிசாக வருகிற சத்தத்தை இரைச்சல் என்று நினைத்து அமுக்கிவிடும் என்றாள். என் யாழை இரைச்சல் என்று முடிவு செய்ய ஒரு போனுக்கு என்ன தைரியம்! ஆனால் அவளைத் திட்டி என்ன பயன், அதை அவளா முடிவு செய்தாள்?

தனியாக வாசித்து அனுப்பினால் என்ன என்று கேட்பீர்கள். அனுப்பினேனே. கும்மி என்பது கூட்டமாகக் கூப்பிடுவது. நாலு பேர் சேர்ந்து இருந்துவிட்டுப் போ என்றால் அது உபசாரம். ஒருத்தன் தனியாக உட்கார்ந்து அதையே மீட்டினால் ஒப்பாரி. அதைக் கேட்டுவிட்டு அவள் பதறிப்போய்க் கூப்பிட்டு, காய்ச்சலா, யாரும் பக்கத்தில் இருக்கிறார்களா என்று விசாரித்தாள். அதனால் வயலின்கள் வேண்டும். வயலின்கள் வந்தால் நான் இருக்க மாட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கும்மியை உயிரைக் கொடுத்து வாசித்து, விரல் நுனி கன்றிப்போய், இப்போதாவது கேட்டதா என்றேன். அவள் வருத்தத்தோடு சொன்னாள்: "பந்தியில சாம்பார் வாளி வைக்க சத்தம்கூடத் தெளிவாக் கேக்கு. உங்களத்தான் எங்க தேடியும் காணல."

பிரஸ் ஷாப் பூஜை

ஆயுத பூஜைக்கு ஒரு பிரஸ் ஷாப்பில் கூப்பிட்டிருந்தார்கள். தகடு அடிக்கிற இடம். மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, வாழை கட்டி, பொரி வைத்திருந்தார்கள். அன்றைக்கு ஒரு மெஷினும் ஓடவில்லை, ஆனால் அங்கே எல்லோரும் ஓடுகிற மெஷினுக்கு மேலே பேசுகிற குரலிலேயே பேசினார்கள். பக்கத்தில் நிற்பவனிடம் சுண்டல் கேட்பது கேட் வரைக்கும் கேட்டது. இவர்களுக்கு முன்னால் யாழா என்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

அங்கே ஆறுமுகம் என்று ஒரு ஃபோர்மேன். காலமெல்லாம் பிரஸ்ஸோடு இருந்தவர், காது பாதிதான் வேலை செய்யும். நான் வாசிப்பதை எதிரே நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். விரல் அசைகிறது, சத்தம் வரவில்லை. இவன் ஏமாற்றுகிறான் என்று தோன்றியிருக்க வேண்டும். நேராக வந்து யாழின் அடிப்பாகத்தில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பாட்டு முடிகிற வரை கையை எடுக்கவில்லை. நான் அவருக்காகவே வாசித்தேன் என்று சொன்னால் மிகையில்லை, நான் வாசிக்கிறேன் என்று ஒருத்தர் தெரிந்துகொண்டது அன்றைக்குத்தான். முடிந்ததும் என்ன சொல்லப் போகிறார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துக்கொண்டு, மெஷினை சர்வீஸ் பார்த்து முடித்தவர் மாதிரி தலையசைத்துச் சொன்னார்: "சவுண்டு எனக்குக் கேக்கல தம்பி. ஆனா அதிர்வு ஒரே சீரா கீது. பேரிங் நல்ல கண்டிஷன்ல வச்சிகினு கீற."

ஷேர் ஆட்டோவில் போன வில்

மாஸ்டருக்கு ஒரு சட்டம். மாணவர்கள் வயலின் வில்லைக் கையில் வைத்திருந்தால் கத்திச் சண்டை போட்டு உடைப்பார்கள் என்று, எல்லா வில்லையும் ஒரே நீளப் பெட்டியில் போட்டு அவரே தூக்கி வருவார். நல்ல சட்டம்தான். ஒரு நாள் படப்பையிலிருந்து ஓரகடத்துக்கு ஷேர் ஆட்டோவில் வந்தோம். பெட்டியை சீட்டுக்குப் பின்னால் செருகினார். கூட்டு ரோட்டில் இறங்கினோம், சில்லறைக்குத் தகராறு செய்தோம், ஆட்டோ போய்விட்டது. பெட்டியும் போய்விட்டது. மண்டபத்தில் பத்து வயலின், இரண்டு வியோலா, ஒரு செல்லோ. வில் ஒன்றுகூட இல்லை. மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார்.

பெண் வீட்டார் மேடையேறச் சொல்லி அவசரப்படுத்தினார்கள். வேறு வழியில்லாமல் மாஸ்டர், எல்லோரும் விரலாலேயே மீட்டுங்கள், யாழ் போகிற வழியில் போங்கள் என்று சொல்லிவிட்டார். நான் கும்மியை எடுத்தேன். ரேவதி ஒரு விரலால் தட்டினாள், அடுத்தவன் சேர்ந்துகொண்டான், செல்லோ அடியில் தும் தும் என்று கைகொட்டுகிற மாதிரி பிடித்துக்கொண்டது. என்ன சொல்வது, எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மேடை முழுக்க ஒரே யாழாக இருந்தது. பத்துப் பெண்கள் வட்டமாக நின்று கூப்பிடுகிற அதே கும்மி, நடுவே கூப்பிடுகிற குரல் என்னுடையது. எனக்கே என் யாழ் கேட்டது. ஸ்டாண்டில் போனைப் பார்த்தேன். அன்றைக்கு அவளுக்கு டூட்டி மாற்றிப் போட்டிருந்தார்கள், எடுக்கவில்லை. வீடியோக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் பந்தியில் மாப்பிள்ளை பெண்ணுக்கு ஜாங்கிரி ஊட்டுவதைப் படம் எடுக்கப் போயிருந்தார். ஒரு வாழ்நாளில் ஒரு தடவை வாசித்தது, பிடித்து வைக்க ஆளில்லாமல் போயிற்று.

கீழே இறங்கியதும் மாப்பிள்ளையின் பெரியப்பா என்னைத் தேடி வந்து பாராட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை, அடக்கமாகக் கைகூப்பினேன். அவர் மனசு நிறைந்து சொன்னார்: "இன்னிக்குத்தான்பா கச்சேரி நடக்க சொல்ல பக்கத்துல உக்காந்திருக்கிறவன் பேசறது எனக்குக் காதுல வுழுந்திச்சி. எங்க வூட்ல அடுத்த கல்யாணத்துக்கும் நீங்கதான்."

மாஸ்டர் கேட்ட கேள்வி

ஆட்டோக்காரர் நல்லவர். மறுநாளே படப்பை ஸ்டாண்டில் பெட்டியைக் கொடுத்துவிட்டார், திரைச்சீலைக் கம்பி என்று நினைத்தாராம். எனக்கு அதில் சந்தோஷமே இல்லை. கும்மிக்கு மட்டும் வில்லைக் கீழே வைத்துவிடலாம் என்று மாஸ்டரிடம் கெஞ்சினேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. வில் இல்லாத வயலின் ஊமை என்றார். ஒத்திகையில் ஒரு தடவை செய்து பார்த்ததற்கே ஒரு மாணவியின் அம்மா வகுப்புக்கு வந்து சண்டை போட்டுவிட்டார். அவர் வில் வாங்கிக் கொடுத்திருக்கிறார், பெண் விரலால் தட்டிக்கொண்டிருக்கிறாள், இதைத் தகர டப்பாவிலேயே தட்டியிருக்கலாமே என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

அந்த நேரத்தில் இசக்கி லீவில் வருவதாகத் தகவல் வந்தது. ஒரு மாத லீவு. இந்த லீவுக்குள் அவள் ஆஸ்பத்திரிக்குப் பதில் சொல்லவேண்டும், இன்னும் இரண்டு வருஷம் நீட்டிக்கிறாளா, இல்லையா என்று. லீவில் இங்கே இருப்பவள் நேரில் வந்து உட்கார்ந்தால் நடுவில் போன் கிடையாது, கேட்டே தீரும். அந்த ஒரு நிகழ்ச்சிக்காவது வில்லைக் கீழே வைக்கச் சொல்லி மாஸ்டரிடம் மறுபடியும் போய் நின்றேன். ஏன் இந்தப் பிடிவாதம் என்று கேட்டார். யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். அந்த மெட்டு யாருக்கு, எதற்கு என்று எல்லாவற்றையும். அவர் வயலினைத் துணியால் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். முதல் பாதி வில்லால் அடியில் தாங்குவது, கும்மி தொடங்குகிற இடத்தில் எல்லோரும் வில்லை மடியில் வைத்துவிட்டு மீட்டுவது என்று அன்றைக்கே மாற்றி எழுதினார். எழுதி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத யாழு. பொண்டாட்டிய இருன்னு சொல்றதுக்கா நாங்க பதிமூணு பேர் ரிகர்சல் பண்ணிகினு கீறோம்?"

லீவு

இசக்கி வந்தாள். இளைத்திருந்தாள். கூடத்தில் விளக்கைப் போடப் போய் ஃபேனைப் போட்டாள், ஃபேனை அணைக்கப் போய் வாசல் விளக்கைப் போட்டாள். அவள் காசில் இழுத்த ஒயர், அவளே போனில் தேர்ந்தெடுத்த சுவிட்ச், எது எதற்கு என்று அவளுக்குத் தெரியவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். நான் போய் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினேன். இருந்துவிடேன் என்று அப்போதே என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி இருக்கிறதே, அவ்வளவு அழகாக மாஸ்டர் எழுதியிருக்கிறாரே, அவசரப்பட்டுக் கெடுப்பானேன் என்று நினைத்தேன்.

சிலிண்டர் எப்போது வரும், தண்ணீர் லாரி எந்த நாள், பக்கத்து மனையில் யார் வீடு கட்டுகிறார்கள் என்று எல்லாம் பேசினோம். சாயங்காலம் நான் ஒத்திகைக்குப் போய்விடுவேன். வந்து பார்த்தால் சாப்பிடாமல் காத்திருப்பாள். புதன்கிழமை சாப்பாடு போட்டுக்கொண்டே, ஆஸ்பத்திரியிலிருந்து மறுபடியும் கேட்டுவிட்டார்கள், நாளைக்குள் பதில் சொல்லவேண்டும் என்றாள். என்ன சொல்லட்டும் என்று கேட்கவில்லை. கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வரவேண்டும், மூன்றாவது வரிசையில் நடுவில் உட்கார், அங்கேதான் நன்றாகக் கேட்கும் என்று சொன்னேன். அவளுக்கு வேண்டிய பதில் அது இல்லை என்று இப்போது தெரிகிறது. இன்னும் ஒரு கரண்டி ரசம் ஊற்றினாள். "வாரேன், வராம எங்க போகப் போறேன். வேற ஒண்ணும் சொல்லணும்னு இல்லியே?"

ஞாயிற்றுக்கிழமை

படப்பையில் அதே மாதிரி ஒரு மண்டபம், அதே மாதிரி ஒரு வரவேற்பு. ஏ.சி.யை அணைக்க வைத்தேன். யாழை நானே காவல் காத்தேன். மைக் செட்காரரிடம் காலில் விழாத குறை. இசக்கி மூன்றாவது வரிசையில் நடுவில், மாம்பழ நிறப் புடவையில் வந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த பெண்மணி ஏதோ பேச்சுக் கொடுத்தார், இவள் மேடையைக் காட்டி, அப்புறம் பேசலாம் என்பதுபோல் கையசைத்தாள்.

வயலின்கள் மெதுவாக எடுத்துக் கொடுத்தன. கும்மி வருகிற இடத்தில் பதிமூன்று பேரும் ஒரே நேரத்தில் வில்லை மடியில் வைத்தார்கள். பந்திக்குப் போகக் கிளம்பியவர்கள்கூட அதைப் பார்த்து ஒரு கணம் நின்றார்கள். நான் எடுத்தேன். முதல் அடிக்கே அவளுக்குத் தெரிந்துவிட்டது. நிமிர்ந்து உட்கார்ந்தாள். இரண்டாம் அடியில் அவள் கைகள் மடியில் சத்தமில்லாமல் கொட்ட ஆரம்பித்தன, அவள் ஊரில் கொட்டுகிற அதே கணக்கில். நான் இத்தனை நாள் வீட்டில் தனியாக விழுங்கியதை எல்லாம் அந்த நரம்புகளில் போட்டேன். ஒன்றுவிடாமல் போய்ச் சேர்ந்தது. சேர்ந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அதற்குமேல் எனக்கு நரம்பு தெரியவில்லை, விரல் அதுபாட்டுக்குப் போயிற்று. முடிந்ததும் மாஸ்டர் என் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

சாப்பிட்டுவிட்டு மண்டபத்துப் படியில் நின்றோம். தாம்பூலப் பை அவள் கையில், யாழ் என் தோளில். கேட்டதா என்று கேட்டேன். கேட்டது, ஒவ்வொரு நரம்பும் கேட்டது என்றாள். என்ன பாட்டு என்று தெரிந்தது, யாருக்கு என்று தெரிந்தது என்றாள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அந்தத் தைரியத்தில், படியில் ஆள்கள் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்போதே சொல்லிவிட்டேன், இருந்துவிடு இசக்கி, நீ இல்லாமல் அந்த வீட்டில் என்னால் முடியவில்லை என்று. என் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த பூவிதழை எடுத்துப் போட்டாள். கோபம் இருந்தால் பரவாயில்லை என்று இருந்தது எனக்கு, கோபமே இல்லை. "இத புதன்கிழமை ராத்திரி நீங்க வாயத் தொறந்து சொல்லியிருந்தா, வியாழக்கிழமை நான் ஆஸ்பத்திரிக்கு வேற பதில் சொல்லியிருப்பேன்."

ஆகையால் சக வித்வான்களே, உங்கள் வீட்டு விசேஷத்துக்கு யாழ் வேண்டும் என்றால் தாராளமாகக் கூப்பிடுங்கள், பதிமூன்று பேரோடு வந்து வாசித்துத் தருகிறேன், வீட்டில் சொல்லவேண்டியதை மட்டும் நீங்களே முந்தின வாரம் சொல்லிவிடுங்கள்.